மூன்று விரல் பிரவுன்: இயந்திரம் தந்த கையா, அவரே பழக்கிய கையா?

மண்மேடு எழுதியது:

பேஸ்பால் வரலாற்றில் மோர்டிகாய் பிரவுன் என்ற பெயர் வந்தவுடன் அடுத்த வரியிலேயே அவருடைய வெட்டுண்ட விரலும் வந்துவிடுகிறது. பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்தும் விடுகிறது. சிறுவயதில் விரலை இழந்தார், அந்தக் குறையே வரமாகிப் பந்து விசித்திரமாக வளைந்தது, அதனால் பெரும் பிட்ச்சர் (பந்தெறிபவர்) ஆனார் என்று மூன்று வாக்கியத்தில் ஒரு வாழ்க்கையைச் சுருட்டி வைத்துவிடுகிறோம். இந்தச் சுருக்கத்தில் விடுபட்டுப் போனவற்றைப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் 1876 அக்டோபர் 19 அன்று இந்தியானா மாநிலத்தின் நையஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். அமெரிக்கா விடுதலை பெற்ற நூறாவது ஆண்டில் பிறந்ததால் மோர்டிகாய் பீட்டர் சென்டென்னியல் பிரவுன் என்று நூற்றாண்டையே பெயரில் சேர்த்து வைத்தார்கள். சிறுவனாக இருந்தபோது பண்ணையில் கால்நடைத் தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்குள் வலது கை சிக்கி, ஆட்காட்டி விரலின் பெரும்பகுதி போயிற்று. அந்தப் புண் முழுதாக ஆறுவதற்கு முன்பே கீழே விழுந்து, எஞ்சிய விரல்களையும் முறித்துக்கொண்டார். அவை சரியாகக் கூடாததால் நடுவிரல் கோணலாகிப் போனது, சுண்டுவிரலும் சரியாக இயங்காமற்போனது.

அதன் பிறகு அவர் நேராகப் பேஸ்பாலுக்கு வந்துவிடவில்லை. மேற்கு இந்தியானாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தார். ஓய்வு நாட்களில் காக்ஸ்வில் என்ற சுரங்க ஊரின் அணிக்காக ஆடினார். அங்கும் அவர் பிட்ச்சர் இல்லை, பேட்டர் சுற்றி ஓடித் தொடவேண்டிய பேஸ்களில் மூன்றாவதைக் காத்து நின்றவர். வழக்கமான பிட்ச்சர் எறிய முடியாமற்போன ஒரு நாளில்தான் பந்து அவர் கைக்கு வந்தது. 1901இல் டெர் ஹோட் நகர அணி, 1902இல் ஒமாஹா, 1903இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் எனப் படியேறி, நாட்டின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீகில் முதல் பந்தை எறிந்தபோது அவருக்கு வயது 26. இயந்திரம் விரலைப் பறித்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இருபது ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

இயற்பியல்வாத்தியார் எழுதியது:

நண்பரே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் விரலைக் கதையிலிருந்து அறவே தள்ளிவிட முடியாது என்பதே என் கருத்து. பந்து காற்றில் வளைவதற்குக் காரணம் அதன் சுழற்சி. மேல்புறம் முன்னோக்கிச் சுழலும் பந்தின் மீது காற்று கீழ்நோக்கி அழுத்துவதால், புவியீர்ப்பு இழுக்கும் அளவைவிடக் கூடுதலாகப் பந்து தாழ்கிறது. இந்தச் சுழற்சியின் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது, பந்து கையைவிட்டு நீங்கும் கடைசிக் கணத்தில் எந்த விரல் எந்த இடத்தில் அழுத்துகிறது என்பதே.

முழுக் கையுள்ள பிட்ச்சருக்கு ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அருகருகே நின்று ஏறக்குறையச் சமமாக அழுத்தும். பிரவுனின் கையில் ஒருபக்கம் முண்டு விரலும் மறுபக்கம் கோணல் விரலும் இருந்தன. அந்தப் பிடியிலிருந்து வந்த பந்தின் அச்சு மற்றவர்கள் பந்தைப் போல இருந்திருக்க வாய்ப்பே இல்லை. எதிரணிகளின் பேட்டர்களுக்குப் பழகிய கண்கணக்கு அவரிடம் பொய்த்துப் போனதற்கு அது ஒரு காரணமாக இருந்தே தீரும். டை காப் போன்ற பேட்டரே தாம் எதிர்கொண்டவற்றில் மிகக் கொடியது பிரவுனின் கீழ்நோக்கி விழும் வளைபந்து என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதும் அல்ல. இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலது கையைக் கொண்டு பகவத் சந்திரசேகர் 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ரன்களுக்கு ஆறு விக்கெட் எடுத்தபோது, அந்தக் கையின் வேகமான சுழற்றல்தான் வியப்பாகப் பேசப்பட்டது. குறையால் திறமை பிறக்கிறது என்று நான் சொல்லவில்லை. உடலின் அமைப்பு மாறினால் பந்தின் பாதையும் மாறும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருவரும் விரலைச் சுற்றியே வருகிறீர்கள். நான் சற்று எரிச்சலூட்டும் கேள்வி ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். 1906இல் பிரவுனின் ஈ.ஆர்.ஏ. 1.04. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பிட்ச்சர் ஒன்பது இன்னிங்ஸ் எறிந்தால் சராசரியாக எத்தனை ரன் கொடுப்பார் என்பதைக் காட்டும் அளவு அது, தடுப்பாளர்களின் பிழையால் வந்த ரன்கள் அதில் சேரா. இன்றைய ஆட்டத்தில் ஒருவர் பருவம் முழுவதும் 1.04 வைத்திருந்தால் அவரைக் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். ஆனால் 1906 இன்றைய காலம் அல்ல. ஒரே பந்தை அழுக்கேறிக் கறுக்கும்வரை ஆட்டத்தில் வைத்திருந்தார்கள். எச்சில் தடவி எறிவதற்குத் தடை இல்லை. ஒரே அடியில் எல்லாப் பேஸையும் சுற்றிவரும் ஹோம் ரன் என்பது அரிதான நிகழ்ச்சி. லீகின் சராசரி ஈ.ஆர்.ஏ.வே மூன்றுக்குக் கீழேதான் இருந்தது.

போதாக்குறைக்கு அவர் ஆடிய சிகாகோ கப்ஸ் அணியில் முதல் பேஸில் ஃபிராங்க் சான்ஸ், இரண்டாம் பேஸில் ஜானி எவர்ஸ், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையிலான ஷார்ட்ஸ்டாப்பில் ஜோ டிங்கர், மூன்றாம் பேஸில் ஹாரி ஸ்டைன்ஃபெல்ட், பின்னால் கேட்ச்சராக ஜானி கிளிங். அந்த அணியின் மொத்த ஈ.ஆர்.ஏ.வே 1.75. அப்படிப்பட்ட சுவரை முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு எறிந்தால் ஐந்து விரலும் இல்லாதவர்கூட வென்றிருப்பார் என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், தெரியும்.

மண்மேடு எழுதியது:

கொஞ்சம் அல்ல, நிறையவே மிகைப்படுத்துகிறீர்கள் கணக்குப்பிள்ளை. உங்கள் எண்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

அதே சுவருக்கு முன்னால் நின்றுதான் ஜாக் ஃபைஸ்டரும் எட் ரூல்பாக்கும் எறிந்தார்கள். அவர்களும் முதல்தரமான பிட்ச்சர்கள். ஆனாலும் அவர்களின் ஈ.ஆர்.ஏ. முறையே 1.51, 1.65. சுவர் எல்லோருக்கும் பொது, 1.04 ஒருவருக்கு மட்டும். அந்த ஆண்டு அவர் 26 ஆட்டங்களில் வென்று ஆறில் மட்டும் தோற்றார். லீகின் சராசரியோடு ஒப்பிட்டு, மைதானத்தின் தன்மையையும் கழித்துக் கணக்கிடும் அளவிலும் அந்தப் பருவம் எல்லாக் காலத்துக்கும் உரிய மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகவே நிற்கிறது. காலத்தின் சலுகையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அவர் சுருங்குவதில்லை.

இரண்டாவது, அவருடைய முதல் பருவத்தை நீங்கள் பார்க்கவேண்டும். 1903இல் கார்டினல்ஸ் அணி 43 வெற்றி, 94 தோல்வியோடு லீகில் கடைசி இடத்தில் கிடந்தது. அங்கே பிரவுன் 9 வென்று 13 தோற்றார். தோல்விதான் மிகுதி; எனினும் அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.60. மேலோட்டமாகப் பார்த்த செயின்ட் லூயிஸ் நிர்வாகம் அந்த டிசம்பரிலேயே அவரைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஜாக் டெய்லர் என்ற பெயர்பெற்ற பிட்ச்சரை வாங்கியது. தொடங்கிய ஆட்டத்தை எறிந்து முடிக்காமல் இறங்காதவர் என்று டெய்லருக்குப் புகழ் உண்டு. ஆனால் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறாரோ என்ற சந்தேகமும் சிகாகோ உரிமையாளருக்கு இருந்தது. சந்தேகத்துக்குரியவரைத் தள்ளிவிட்டு, தோற்ற அணியில் நன்றாக எறிந்தவரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எண்ணைப் படிக்கத் தெரிந்தவன் அடித்த பேரம் அது.

1906 தொடங்கி 1911 வரை ஆறு பருவங்கள் தொடர்ச்சியாக அவர் இருபதுக்குக் குறையாமல் வென்றார்.

ஆறாம்பந்து எழுதியது:

ஐயா, நான் பேஸ்பாலுக்குப் புதியவன். 1906இல் சிகாகோ உலகத் தொடரை வென்றதும் இந்த 1.04 ஆல்தானே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இல்லை தம்பி. 1906இல் கப்ஸ் 116 வென்று 36 மட்டுமே தோற்ற அணி. ஆனால் இரு லீக்குகளின் முதல்வர்கள் மோதும் உலகத் தொடரில் அதே ஊரின் ஒயிட் சாக்ஸிடம் ஆறு ஆட்டங்களில் வீழ்ந்தது. அடிக்கவே தெரியாதவர்கள் என்று கேலி செய்யப்பட்ட அணி அந்த ஒயிட் சாக்ஸ். பிரவுன் முதல் ஆட்டத்தை 2-1 என்று தோற்றார், நான்காவதை 1-0 என்று வென்றார். போதிய ஓய்வில்லாமல் ஆறாவதற்கும் அவரையே நிறுத்தியபோது அடித்து நொறுக்கப்பட்டார், 8-3. என் கட்சிக்கு எதிராகப் போனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தத் தோல்விக்கு அவர் கையைவிட, அதை ஓயவிடாத மேலாளரின் அவசரமே காரணம். 1907இலும் 1908இலும் டெட்ராய்ட் அணியை வீழ்த்தித்தான் கப்ஸ் பட்டம் பெற்றது.

ஆறாம்பந்து எழுதியது:

நன்றி ஐயா. 1908 பற்றி எங்கு பார்த்தாலும் மெர்க்கல் என்ற ஒரு பெயர் வருகிறது. அதற்கும் பிரவுனுக்கும் என்ன தொடர்பு? சற்று விளக்க முடியுமா?

மண்மேடு எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது இந்த விளையாட்டின் மிகப் பெரிய வழக்கு. பொறுமையாகச் சொல்கிறேன்.

1908 செப்டம்பர் 23, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். நியூயார்க் ஜயன்ட்ஸும் கப்ஸும் 1-1 என்ற நிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியை ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு பேர் அவுட். நியூயார்க் அணியினர் இருவர் பேஸில் இருந்தனர்: முதல் பேஸில் 19 வயதான ஃபிரெட் மெர்க்கல், மூன்றாம் பேஸில் மூஸ் மெக்கார்மிக். அல் பிரிட்வெல் பந்தை நடுவெளிக்கு அடித்தார், மெக்கார்மிக் ஓடிவந்து, ரன் முழுமையாகும் ஹோம் பேஸைத் தொட்டார். நியூயார்க் வென்றுவிட்டது என்று நினைத்துக் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. மெர்க்கலும் அப்படியே நினைத்து, இரண்டாம் பேஸைத் தொடாமலேயே ஓய்வறைப் பக்கம் திரும்பி ஓடினார். அக்கால வழக்கத்தில் அது எல்லோரும் செய்ததுதான்.

ஆனால் விதி வேறு. பேட்டர் முதல் பேஸுக்கு வருவதால் அங்கிருந்தவர் இரண்டாம் பேஸுக்குப் போயே ஆகவேண்டும். அவர் போவதற்கு முன் பந்து அங்கு சேர்ந்தால் அவர் அவுட். அது மூன்றாவது அவுட் என்பதால் ரன்னும் செல்லாது. ஜானி எவர்ஸ் பந்தைக் கேட்டுக் கத்தினார். அவர் கைக்கு எப்படியோ வந்த பந்து உண்மையிலேயே ஆட்டப் பந்துதானா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. நடுவர் ஹாங்க் ஓடே மெர்க்கல் அவுட் என்றார். கூட்டத்தை வெளியேற்ற முடியாமல், வெளிச்சமும் மங்க, ஆட்டம் சமனில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் இதே போன்ற நிகழ்வை எவர்ஸ் இதே ஓடேயிடம் முறையிட்டுத் தோற்றிருந்தார். இம்முறை நடுவர் தயாராக இருந்தார் என்றே தோன்றுகிறது.

பருவம் முடிந்தபோது இரு அணிகளும் சமமான வெற்றி தோல்விகளோடு நின்றன. ஆகவே அந்த ஆட்டம் அக்டோபர் 8 அன்று அதே மைதானத்தில் மறுபடி நடந்தது. நியூயார்க்குக்காக எறிந்தவர் கிறிஸ்டி மாத்யூசன், அந்நாளில் அமெரிக்காவின் செல்லப்பிள்ளை. சிகாகோ ஃபைஸ்டரை நிறுத்தியது. அவர் முதல் இன்னிங்ஸிலேயே தடுமாறி ஒரு ரன்னும் கொடுத்துவிட, மேலாளராகவும் இருந்த சான்ஸ் உடனே பிரவுனை அழைத்தார். எறிந்தால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டல் கடிதங்கள் தமக்கு வந்திருந்ததாகப் பிரவுனே பின்னாளில் கூறியிருக்கிறார். அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் உட்கார்ந்திருக்கக்கூடிய கூட்டத்தின் ஊடே நடந்து வந்து, முதலில் எதிர்கொண்ட ஆர்ட் டெவ்லினை அவுட்டாக்கி அந்த இன்னிங்ஸை முடித்தார். மூன்றாவது இன்னிங்ஸில் டிங்கர் மாத்யூசனின் பந்தை அடித்து ஒரே அடியில் மூன்றாம் பேஸ்வரை ஓடிவிட, சிகாகோ நான்கு ரன் எடுத்தது. ஏழாவதில் அவுட்டே இல்லாமல் மூன்று பேஸிலும் நியூயார்க் ஆட்கள் நின்றபோதும் பிரவுன் ஒரே ரன்னோடு தப்பினார். 4-2. அது அவருடைய அந்த ஆண்டின் 29ஆவது வெற்றி. ஆட்டம் முடிந்ததும் ஓடித் தப்பவேண்டியிருந்தது. மேலாளர் சான்ஸுக்குக் கழுத்தில் அடி விழுந்தது.

பாவம் மெர்க்கல். வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு பேஸ் அவரைத் துரத்தியது.

அதன் பிறகு நடந்த உலகத் தொடரில் பிரவுன் இரண்டு ஆட்டங்களை வென்றார். பதினோரு இன்னிங்ஸ்களில் அவர் கணக்கில் ஈ.ஆர்.ஏ.வுக்குச் சேரும் ரன் ஒன்றுகூட இல்லை. கப்ஸ் அடுத்த பட்டத்துக்கு 2016 வரை காத்திருந்தது.

இயற்பியல்வாத்தியார் எழுதியது:

அக்டோபர் 8 பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1905 ஜூலை முதல் அந்த நாள் வரை பிரவுன் மாத்யூசனைத் தொடர்ச்சியாக ஒன்பது முறை வென்றிருந்தார். அந்தத் தொடருக்கு முந்தைய மாதம், 1905 ஜூன் 13 அன்று, மாத்யூசன் ஒரு ஹிட்டும் (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை அடைவது) கொடுக்காத ஆட்டம் ஒன்றை எறிந்து 1-0 என்று வென்றது பிரவுனுக்கு எதிராகத்தான். அன்று ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் நுழையும்வரை பிரவுனும் ஒரே ஹிட்தான் கொடுத்திருந்தார்.

வேப்பமரத்தடி எழுதியது:

விரல், எண், ஆட்டம் எல்லாம் பேசுகிறீர்கள். அவர் ஒரு கூலித் தொழிலாளி என்பதை யாரும் பேசவில்லையே. சுரங்கத்திலிருந்து வந்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை. பேஸ்பாலிலும் அவர் நிலை அதுதான்.

தொடங்கிய ஆட்டங்களோடு, மற்றவர்கள் தொடங்கிய ஆட்டங்களைக் காப்பாற்றும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. இன்று அதைச் சேவ் என்று எண்ணிக்கை வைத்துச் சம்பளம் பேசுகிறார்கள். ஆனால் 1969இல்தான் அது அதிகாரபூர்வமான அளவானது. பழைய ஏடுகளைப் புரட்டிப் பின்னோக்கிக் கணக்கிட்டதில் 1911இல் மட்டும் அவருக்கு 13 சேவ் தேறியது. அதே ஆண்டில் 21 வெற்றி, 53 ஆட்டம். எழுதப்படாத கணக்கில் செய்த வேலை அது. 1909இல் 340 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். 1912இல் முழங்கால் கெட்டது, வென்றவை ஐந்தே ஆட்டம். உடனே கப்ஸ் அவரை லூயிவில் என்ற சிறிய லீக் அணிக்குத் தள்ளிவிட்டது. அங்கிருந்து சின்சினாட்டி வாங்கியது. போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. ஒப்பந்தத்திலிருந்த காப்பு விதி ஆட்டக்காரரை அணியின் உடைமையாகவே வைத்திருந்தது.

ஆகவே 1914இல் ஃபெடரல் லீக் என்ற போட்டி அமைப்பு முளைத்தபோது பிரவுன் அதில் சேர்ந்ததை நான் பேராசை என்று சொல்லமாட்டேன். செயின்ட் லூயிஸ் அணிக்கு மேலாளராகவும் ஆட்டக்காரராகவும் போனார். அந்தப் பருவத்துக்குள்ளேயே மேலாளர் பதவியை இழந்து புரூக்ளினுக்கு மாறினார். 1915இல் சிகாகோ வேல்ஸ் அணிக்காக 17 வென்று 8 தோற்றார். அந்த அணி செயின்ட் லூயிஸை ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முந்திப் பட்டம் பெற்றது. அத்தோடு லீகே கலைக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட பால்டிமோர் அணி தொடுத்த வழக்கில்தான், 1922இல், ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா, ஒப்பந்த அநீதியில் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன். ஆனால் 1911இல் 53 ஆட்டங்கள் எறியவைத்ததைச் சுரண்டலாக மட்டும் பார்க்க முடியுமா? அவரே வேண்டி விரும்பியும் எறிந்திருக்கலாம். அந்தக் காலப் பிட்ச்சர்களுக்கு ஓய்வு என்பது கௌரவக் குறைவு.

வேப்பமரத்தடி எழுதியது:

விரும்பி எறிந்தாரா என்பது என் கேள்வி அல்ல. முழங்கால் போன பிறகு அந்த விருப்பத்துக்கு அணி என்ன விலை கொடுத்தது என்பதே கேள்வி. லூயிவில் என்பதுதான் பதில்.

மண்மேடு எழுதியது:

அம்மா சொன்னதைக் கேட்டபின் நான் தொடங்கிய கேள்வியையே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாத்தியார் சொன்ன சுழற்சி அச்சை நான் மறுக்கவில்லை. கோணல் விரல் பந்தை வளைத்தது உண்மை. ஆனால் வளைகிற பந்தை வேண்டிய இடத்தில் விழவைப்பது வேறு வித்தை. விரல் வலுவில்லாத கையால் பந்தைப் பிடித்து, கட்டுப்படுத்தி, நாள்தோறும் எறிந்து பழகியது அவர் செய்த வேலை. விரல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக எறிந்திருப்பீர்களா என்று கேட்டவர்களுக்கு, வேறுவிதமாக எறிந்து பார்த்ததே இல்லையே, எப்படிச் சொல்வது என்ற பொருளில் அவர் பதிலளித்ததாகச் சொல்வார்கள். நம் நால்வரின் விவாதத்தைவிட அந்தப் பதில் நேர்மையானது.

பெயரைப் பற்றியும் ஒன்று. அவர் கையில் மூன்று விரல் மட்டும் இருக்கவில்லை. கட்டைவிரலையும் முண்டையும் சேர்த்தால் கணக்கு தப்பும். ‘மூன்று விரல்’ என்பது பத்திரிகைகள் வளர்த்த பட்டம். உடன் ஆடியவர்கள் ‘சுரங்கத்தான்’ என்ற பொருள்பட மைனர் என்றும் பிரவுனி என்றும் அழைத்தார்கள். கூடவே வாழ்ந்தவர்கள் தொழிலைக் கொண்டு பெயர் வைக்க, தூரத்திலிருந்து பார்த்தவர்கள் குறையைக் கொண்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டப்பெயர்களிலும் இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறேன்.

ஆறாம்பந்து எழுதியது:

மிக்க நன்றி. ஃபெடரல் லீக் கலைந்த பிறகு அவர் என்ன ஆனார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா.

மண்மேடு எழுதியது:

வேல்ஸ் அணியின் உரிமையாளரே கப்ஸை வாங்கியதால் 1916இல் பிரவுன் பழைய அணிக்குத் திரும்பினார். ஆனால் வயது 39. மாத்யூசனும் அதே ஆண்டு நியூயார்க்கை விட்டுச் சின்சினாட்டியின் மேலாளராகியிருந்தார். இரு கிழச்சிங்கங்களையும் கடைசியாக ஒருமுறை மோதவிட்டால் கூட்டம் வரும் என்று எண்ணி, செப்டம்பர் 4 அன்று சிகாகோவில் ஏற்பாடு செய்தார்கள். இன்று ரிக்லி ஃபீல்டு என்று அழைக்கப்படும் அதே மைதானத்தில், எதிரணி பேட்டர்களிடம் இரக்கமில்லாமல் அடிபட்டும் இருவரும் இறுதிவரை எறிந்தார்கள். பிரவுன் 19 ஹிட் கொடுத்தார். சின்சினாட்டி 10-8 என்று வென்றது. இருவருக்கும் அதுவே மேஜர் லீகின் கடைசி ஆட்டம்.

பிறகு சில ஆண்டுகள் சிறிய லீக் அணிகளில் எறிந்தார். டெர் ஹோட் நகரில் பெட்ரோல் நிலையம் நடத்தினார். 1948 பிப்ரவரி 14 அன்று காலமானார். மறு ஆண்டு அவரைப் பேஸ்பால் புகழ்மாடத்தில் சேர்த்தார்கள். 239 வெற்றி, 130 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.06.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த 2.06க்குள் செப்டம்பர் 4இன் ஆட்டமும் இருக்கிறது என்பதைத் தம்பி குறித்துக்கொள்ளட்டும். 3,172 இன்னிங்ஸ்களில் அது கரைந்து போய்விட்டது.